முழங்கால் ஊசிக்குப் பின் வரும் நாட்கள்



தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் காலை வேளையில் சற்று நேரம் நின்று பார்த்தால் நம் பகுதி மக்களின் முழங்கால்கள் எந்நிலையில் உள்ளன என்பது விளங்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரு பாதங்களையும் ஊன்றி இறங்குவோர் பலர். ஏறுவதைவிட இறங்குவதற்கே அவர்கள் அஞ்சுகின்றனர். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் முதியோர் சிலர், தவிர்க்க இயலாத வேலை இருந்தாலன்றித் தெருவுக்கு வருவதில்லை. திருநீர்மலைக்குச் செல்வோருள் சிலர் அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மலைமேல் இருப்பவரைக் கீழிருந்தே கைகூப்பித் திரும்புகின்றனர்.

இவர்கள் எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?"

இக்கேள்விக்கு நேரான விடை தருவது எங்கள் கடமை என்று கருதுகிறோம். ஊசிக்குக் கட்டணம் பெறும் இடத்தில் இருப்பவர்கள் நாங்களே என்பதால் அக்கடமை இன்னும் கூடுகிறது. முழங்கால் ஊசிகளுள் சில பயனுள்ளவை. எங்கள் மருத்துவர்களும் அவற்றைப் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் எந்த ஊசியும் தேய்ந்த மூட்டைப் புதிதாக்குவதாக உறுதியான சான்று இல்லை. நல்ல ஊசி தருவது வலி தணிந்த சில வாரங்கள் அல்லது சில மாதங்கள். அந்த நாட்களை நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவமனையும் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பின்னர் வரும் ஆண்டுகள் அமைகின்றன.

தேய்மானம் என்பது என்ன?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அவற்றிடையே மூட்டுத் திரவம் மசகுபோல் நின்று உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் இல்லை. ஆகவே தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அது தானாக ஆறுவதில்லை. அதற்கு நரம்புகளும் இல்லை. நாம் உணரும் வலி, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் வீக்கத்திலிருந்தும், அடியிலுள்ள எலும்பிலிருந்தும், தளர்ந்த தசைகளிலிருந்தும் எழுகிறது. எக்ஸ்-ரேயில் மிகுந்த தேய்மானம் உள்ள சிலர் நன்றாக நடப்பதும், சிறிதளவே தேய்ந்த சிலர் துன்புறுவதும் இதனால்தான்.

எக்ஸ்-ரே தேய்மானத்தை 4 நிலைகளாகப் பிரிக்கும் முறை 1957-ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் உள்ளது. ஊசிகள் ஓரளவு பயன் தருவது பெரும்பாலும் 2, 3 ஆகிய நிலைகளில். எலும்போடு எலும்பு உரசும் 4-ஆம் நிலையில் பலன் குறைவாகவும் குறுகியதாகவும் இருக்கக்கூடும்.

ஸ்டீராய்டு ஊசி

மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்தும் முறை 1950-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இது வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. மூட்டில் நீர் கோத்து, வீங்கி, சூடாக இருக்கும்போது இது விரைவில் பலன் தரும். பொதுவாகச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை நிம்மதி கிடைக்கும். செலவும் குறைவு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருப்பதால் வலி மாத்திரை உட்கொள்ள இயலாதவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு வலுவாகப் பரிந்துரைத்த ஊசி இது ஒன்றே.

ஆனால் இதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லதன்று. 140 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டும், மறு பிரிவினருக்கு வெறும் உப்பு நீரும் 2 ஆண்டுகள் செலுத்தப்பட்டன. முடிவில் இரு பிரிவினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்போ ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கே கூடுதலாகத் தேய்ந்திருந்தது. "மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டே இருக்கலாமா?" என்று கேட்போருக்கு இந்த ஆய்வே எங்கள் விடை.

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய மற்றொன்று நீரிழிவு. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு சிறிதளவு இரத்தத்திலும் கலந்து, முதல் சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் ஊசிக்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரம் சர்க்கரையை அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஜெல் ஊசி

மூட்டுத் திரவத்தில் இயல்பாக உள்ள ஹையலூரானிக் அமிலத்தை வெளியிலிருந்து செலுத்துவதே மக்கள் வழக்கில் 'ஜெல் ஊசி'. "வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல்" என்று இதனை விளக்குவது எளிது. கேட்பவர் மனத்திலும் உடனே பதிந்துவிடும். அதனாலேயே அந்த உவமையிடம் எச்சரிக்கை தேவை. செலுத்தப்பட்ட ஜெல் மூட்டில் நிலையாகத் தங்குவதில்லை. உடல் அதனைச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது.

21,163 நோயாளிகள் இடம்பெற்ற 169 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜெல் ஊசியால் வலி சிறிது குறைகிறது. ஆனால் அக்குறைவு நோயாளி உணரத்தக்க அளவை எட்டவில்லை என்பது அதன் முடிவு. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகமும் 2021-இல் இதனை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உலகின் எல்லா அமைப்புகளும் இதில் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. பன்னாட்டு மூட்டுத் தேய்மான ஆய்வுக் கழகம் சிலருக்கு இதனை நிபந்தனையுடன் ஏற்கிறது. ஸ்டீராய்டு பொருந்தாத சிலருக்கு, பயன் உறுதியில்லை என்பதை அவர்கள் அறிந்து ஒப்பிய பின்னர், இதனைத் தருவதில் தவறில்லை என்பது எங்கள் கருத்து. கடன் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இதுவன்று.

ஒரு செய்தியைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஜெல் மருந்துகளுள் சில சேவலின் கொண்டையிலிருந்தும், சில நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாரிக்கப்படுகின்றன. சைவ உணவு நெறியைக் கடைப்பிடிப்போரும், கோழி, முட்டை ஒவ்வாமை உள்ளோரும் இதனை முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உடையவர்கள்.

பிஆர்பி ஊசியும் ஸ்டெம் செல்லும்

நோயாளியின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டில் செலுத்துவது பிஆர்பி. நம் இரத்தமே நமக்கு மருந்து என்னும் எண்ணம் பலருக்கு ஆறுதல் தருகிறது. சில ஆய்வுகள் இதனால் வலி குறைவதைக் காட்டியுள்ளன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளிவந்த கட்டுப்பாடான ஆய்வு வேறுவிதமாகக் கூறுகிறது. 10 வரை எண்ணும் வலி அளவுகோலில் ஓராண்டில் பிஆர்பி பெற்றவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்தது. உப்பு நீர் பெற்றவர்களுக்கு 1.8 புள்ளி குறைந்தது. இது குறிப்பிடத்தக்க வேறுபாடன்று. குருத்தெலும்பின் அளவிலும் வேறுபாடு இல்லை. இரத்தத்தைப் பிரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஓரிடத்தில் கிடைத்த பலன் மற்றோரிடத்தில் கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை.

ஸ்டெம் செல் சிகிச்சையைப் பொறுத்தவரை, இரத்த உற்பத்தி சார்ந்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர்த்த பிற பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே நடைபெற வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வரையறுத்தது. அதன் பின்னர் முழங்கால் தேய்மானத்துக்கென ஓர் இந்தியத் தயாரிப்பு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றுள்ளது. ஒரு தயாரிப்புக்குக் கிடைத்த அனுமதி, அப்பெயரில் விற்கப்படும் யாவற்றுக்கும் கிடைத்த அனுமதி ஆகாது. "குருத்தெலும்பு மீண்டும் வளரும்" என்று வாக்களிப்போரிடம், பயன்படுத்தும் மருந்தின் பெயரையும் அதன் அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் குணமாயிற்று?

"எங்கள் தெருவில் ஒருவருக்கு ஒரே ஊசியில் சரியாகிவிட்டதே" என்று பலர் சொல்கின்றனர். அவர் பொய் சொல்லவில்லை. மேலே கண்ட ஆய்வில் உப்பு நீர் பெற்றவர்களுக்கும் வலி குறைந்தது அல்லவா? தேய்மான வலி கடலலைபோல் ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதே நாம் மருத்துவரைத் தேடுகிறோம். அதன் பின்னர் அது இயல்பாகவே சிறிது இறங்குகிறது. சிகிச்சை பெற்றோம் என்னும் நம்பிக்கையும் வலியை மெய்யாகவே குறைக்கிறது. இவை அனைத்தும் ஊசியின் கணக்கில் வரவாகிவிடுகின்றன. ஆகவே ஒருவர் அனுபவத்தைக் கேட்டுப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுமுன், உங்கள் முழங்காலின் நிலை அவருடையதுதானா என்று எண்ணிப் பாருங்கள்.

வலி தணிந்த நாட்களில் செய்ய வேண்டியவை

ஊசி போட்டு வலி குறைந்ததும் பலர் மூன்று மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு, வலி திரும்பியதும் மீண்டும் வருகின்றனர். இதில் எங்கள் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. புறநோயாளிகள் நெரிசலில், ஊசி போட்டவரை உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பாமலே நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய நாட்கள் உண்டு. ஊசிக்குச் சில நிமிடங்கள் போதும். பயிற்சியைக் கற்றுத்தர அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத் தர இயலாத மருத்துவமனை, ஊசியையும் முழுமையாகத் தரவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபி சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் வலியும் நடமாட்டத் தடையும் குறைவாக இருந்தது பிசியோதெரபி பெற்றவர்களுக்கே.

செய்ய வேண்டியவை எளியவை. கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கி அதனை 5 விநாடி அழுத்திப் பின் விடுங்கள். இவ்வாறு 10 முறை. மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து வைத்து, மறு காலை நேராக ஒரு சாண் உயர்த்தி நிறுத்துங்கள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமருங்கள். தொடைத் தசை வலுப்பெறும் அளவுக்கு மூட்டின் சுமை குறைகிறது. எந்தப் பயிற்சி உங்களுக்குப் பொருந்தும் என்பதை பிசியோதெரபி நிபுணர் பார்த்துச் சொல்வார். ஊசி போட்ட நாளிலும் மறுநாளும் மூட்டுக்கு ஓய்வு தந்துவிட்டு, பின்னர் தொடங்கலாம்.

உடல் எடையும் அத்தகையதே. உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என 2005-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. இரவு உணவில் ஓர் இட்லியைக் குறைப்பதும், காப்பியில் சர்க்கரையைக் குறைப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வீட்டிலும் சில மாற்றங்கள் தேவை. தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றலாம். கழிப்பறையில் குந்தி அமர்வதைத் தவிர்க்க மேற்கத்திய இருக்கையோ, மேலே வைக்கும் நாற்காலியோ அமைக்கலாம். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தலாம். மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி பெற வாய்ப்பு உள்ளதா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

உடன் வரும் மகனோ மகளோ மருமகளோ பின்வரும் கேள்விகளை எழுதிக் கொண்டுவந்து கேட்க வேண்டும் என விரும்புகிறோம். எங்கள் மருத்துவர்களிடமும் தயங்காமல் கேளுங்கள்.

1. தேய்மானம் எந்த நிலையில் உள்ளது? இந்த நிலையில் இந்த ஊசி பயன் தருமா?
2. மருந்தின் பெயர் என்ன? எத்தனை ஊசிகள்? மொத்தச் செலவு எவ்வளவு?
3. எத்தனை வாரம் பலன் எதிர்பார்க்கலாம்? பலனில்லையெனில் அடுத்து என்ன?
4. ஊசிக்குப் பின் செய்ய வேண்டிய பயிற்சியை யார் கற்றுத்தருவார்?
5. சர்க்கரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, ஒவ்வாமை ஆகியவை குறித்து மருத்துவர் அறிந்திருக்கிறாரா?

தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் சிகிச்சை பெறுவோர் நம்மிடையே பலர். அம்மருந்துகளையும் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள். எங்கள் மருந்துகளை அங்கும் கூறுங்கள்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் வலி சற்று கூடுவது இயல்பு. ஆனால் காய்ச்சல், மூட்டில் கடும் வீக்கம், சிவப்பு, கால் ஊன்ற முடியாத வலி ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மூட்டில் கிருமித் தொற்று அரிது. வந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அறுவை சிகிச்சையைப் பற்றிய அச்சம்

அறுவை சிகிச்சையைத் தவிர்க்க விரும்புவது இயற்கை. பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ஆனால் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, வளைந்துவிட்ட கால், வீட்டுக்குள் நடப்பதற்கே துணை தேவைப்படும் நிலை, பயிற்சிக்கும் மருந்துக்கும் அடங்காத துன்பம் ஆகியவை உள்ளவர்களிடம் "இன்னும் ஓர் ஊசி பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போவது கருணை ஆகாது. அந்த ஆண்டுகளில் தசை மெலிகிறது, நடை குறைகிறது, பின்னர் அறுவை சிகிச்சை செய்தாலும் முழுப் பலன் கிட்டுவது கடினமாகிறது. செயற்கை மூட்டுகளின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. பழைய விலையை மனத்தில் வைத்து அஞ்சுவோர் இன்றைய செலவைக் கேட்டறிய வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க எண்ணுவோர், அதற்கு முந்தைய 3 மாதங்களில் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. தொற்று அபாயம் கூடும்.

மகளின் திருமணத்தில் நின்று வரவேற்க வேண்டும், பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும், ஒருமுறையேனும் திருநீர்மலைப் படியேற வேண்டும் என்று எங்களிடம் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊசியை நாங்கள் மறுப்பதில்லை. ஊசியோடு ஒரு பயிற்சித் தாளையும், 6 வாரம் கழித்து மீண்டும் வந்து காட்டுவதற்கான தேதியையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். அவற்றை நாங்கள் தர மறந்தால், நினைவூட்டும் உரிமை உங்களுக்கு உண்டு.